இந்தப் பக்கம் எடுங்க சார்

அன்புள்ள இளங்கோ,

உன் அம்மாவின் முட்டிவலியைத் தவிர வீட்டில் வேறு குறை இல்லை. ஞாயிற்றுக்கிழமை உன் செய்தி வந்ததிலிருந்து உன்னைக் கூப்பிட வேண்டும் என்று ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். பேசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ முடிவுக்குப் போயிருப்பாய். நானும் வழக்கம்போல "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுவேன். சிங்கப்பூரில் உன் சாப்பாட்டு நேரம் முடிந்திருக்கும், நான் சொல்ல வேண்டியது தொண்டையிலேயே இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை. தயங்குவதற்கும் அடித்துத் திருத்துவதற்கும் எனக்கு இடம் கிடைக்கிறது.

"மூணு போட்டோ, ரெண்டு மூஞ்சி. கன்னத்துல இருக்கறத மறச்சு நம்மள ஏமாத்தப் பாத்திருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணாம்னு சொல்லிடுங்கப்பா" என்று எழுதியிருந்தாய். செட்டிகுளத்துப் பெண் நித்யாவை உனக்குப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்வது உன் உரிமை. வாழப்போகிறவன் நீ, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் அதே செய்தியை உன் மாமாவுக்கும் அனுப்பியிருக்கிறாய். அவர் நல்லவர், ஆனால் அவர் காதில் விழுந்தது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் விழுந்த மாதிரி. "ஏமாற்றினார்கள்" என்ற ஒரு சொல் அந்தப் பெண்ணின் பெயரோடு ஒட்டிக்கொண்டால், நாளைக்கு அவளைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் அதைக் கேட்டுவிட்டுத்தான் வருவார்கள். இந்த விஷயத்தில் அவர்கள் வீட்டில் யாரும் எதையும் மறைக்கவில்லை. மறைத்தது இரண்டு பேர். ஒன்று நீ எனக்கு வாங்கிக் கொடுத்த ஃபோன். இன்னொன்று நான். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

போன பொங்கலுக்கு நீ வந்தபோது அந்த ஃபோனை என் கையில் கொடுத்தாய். அதன் பெட்டியில் இருந்த படம் நினைவிருக்கிறதா? ராத்திரி வானம், அதில் நிலா, நிலாவின் பள்ளம்கூடத் தெரிகிறது. "இருநூறு மெகாபிக்ஸல்ப்பா. உங்க கண்ணுக்குத் தெரியாததெல்லாம் இதுக்குத் தெரியும்" என்றாய். அன்று சாயங்காலமே நான் மொட்டைமாடிக்குப் போய் நிலாவை எடுத்துப் பார்த்தேன். பெட்டியில் இருந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், ஒரு கண்ணில் புரை எடுத்த எனக்கு அது அதிசயமாகத்தான் இருந்தது. சிமென்ட் ஆலை லேபில் வேலை செய்தே தலை நரைத்தவன் நான். எண் பெரியதாக இருந்தால் எனக்குத் தானாகவே மரியாதை வந்துவிடும். அந்த எண் எதை அளக்கிறது என்று முதலில் கேட்டிருக்க வேண்டியவனும் நான்தான். கேட்கவில்லை.

நித்யாவின் முதல் படம் அவளுடைய சித்தி எடுத்து அனுப்பியது. முகம் மெழுகில் செய்த மாதிரி பளபளவென்று இருந்தது. உனக்குப் பிடித்திருந்தது. "நேர்ல போய்ப் பாத்துட்டு நீங்களும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா, உங்க ஃபோன்ல நல்லா வரும்" என்றாய். உன் அம்மாவால் படி ஏற முடியாத வாரம் அது. அதனால் நானும் உன் மாமாவும் மட்டும் போனோம். நான் முதல் நாளே நம் வீட்டு ஹாலில் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, ஜன்னல் பக்கம், சுவர்ப் பக்கம், விளக்குக்குக் கீழே என்று எடுத்துப் பழகிக்கொண்டேன். "பொண்ணு பாக்கப் போறது ஒங்க புள்ளைக்கா, ஒங்க ஃபோனுக்கா?" என்று அவள் கேட்டாள்.

செட்டிகுளத்தில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் சின்ன வெங்காயத்தைச் சேமித்து வைக்கப் பட்டறை போட்டிருந்தார்கள். காப்பி குடித்ததும் உன் மாமா வெங்காய விலை பேசத் தொடங்கிவிட்டார். அவளுடைய அப்பா அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு பட்டறையைக் காட்டப் போனார். அவளுடைய அம்மா அடுப்படியில். நான் மட்டும் டியூப் லைட்டுக்குக் கீழே கையில் ஃபோனை வைத்துக்கொண்டு, படம் எடுக்கலாமா என்று கேட்பது முறையா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டம்ளரை எடுக்க நித்யா வந்தாள். எடுத்துக்கொண்டு போகாமல் நின்றாள்.

"சார், ஒன்னு சொல்லணும்" என்றாள். "காதுக்குக் கீழ, இந்தா, இங்க தோல் வெளுத்திருக்கு. மூணு வருஷமா இருக்கு. ஒட்டாது, வலிக்காது. மெடிக்கல் ஷாப்புல வேல பாக்குறேன், எனக்கே மருந்து எடுத்துக் குடுத்துக்கறேன். நாளைக்குப் பெருசாகலாம், ஆகாமயே இருக்கலாம். அத யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாதுங்க. உங்க மகன்கிட்ட நீங்க சொல்லிடுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்லம்மா" என்றேன். எதற்குப் பரவாயில்லை, யாருக்குப் பரவாயில்லை என்று எனக்கே தெரியாது. என் வாயில் முதலில் வருவது அதுதான். பிறகு கையிலிருந்த ஃபோனைக் காட்டி, "ஒரு படம் எடுத்துக்கலாமாம்மா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "பவுடர் போட மாட்டேன்னு காலையிலேர்ந்து அம்மாகிட்ட சண்ட. வீணாப் போவல" என்றாள். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பி, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, வெளுத்த இடம் என் பக்கம் வரும்படி நின்றாள். "இந்தப் பக்கம் எடுங்க சார். இதுதான் தெரியணும்." நான் எடுத்தேன்.

இந்த இடத்தில் காகிதத்தில் ஒரு வட்டக் கறை இருக்கிறது. உன் அம்மா காப்பி டம்ளரை எழுத்தின் மேலேயே வைத்துவிட்டாள். "அஞ்சு நிமிஷத்துல பேசி முடிக்கிறத மூணு பக்கமா எழுதிக்கிட்டு இருக்கீங்க" என்கிறாள். இது மூன்றாவது பக்கம்தான். இன்னும் இருக்கிறது.

அவள் சொல்லச் சொன்னதை நான் ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். திரும்பி வரும் பஸ்ஸில் அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். "சின்னதா ஒரு புள்ளி" என்றால் நான் குறைத்துச் சொன்னவன் ஆவேன். "தோல் வெளுத்திருக்கிறது" என்றால் நீ பெரிதாக நினைத்துவிடுவாய். நம் பக்கத்தில் அதற்கு ஒரு கொடிய பழைய பெயர் வேறு உண்டு. யாராவது அந்தப் பெயரை எடுத்துவிட்டால் அப்புறம் பேச்சே நின்றுவிடும். என் வாய்ச்சொல்லைவிடப் படம் நியாயமாக இருக்கும், உள்ளதை உள்ள அளவில் காட்டும், நான் எதையும் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்று நினைத்தேன். அவளே அந்தப் பக்கத்தைக் காட்டி நின்றிருக்கிறாள், பிறகென்ன என்று நினைத்தேன்.

பெரம்பலூரில் இறங்கியதும் படத்தைத் திறந்து பார்த்தேன். கன்னத்தில் ஒன்றுமில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரே சீராக இருந்தது. உன் மாமா எட்டிப் பார்த்து, "சினிமா ஸ்டில் கெட்டுது போங்க. இதுக்கு மேல என்ன யோசன மச்சான், அனுப்பிவிடுங்க" என்றார். இளங்கோ, அந்த நிமிஷத்தில் நான் சந்தேகப்பட்டது படத்தை இல்லை, என்னை. ஒரு முழ தூரத்தில் நின்று பார்த்ததைச் சந்தேகப்பட்டேன். டியூப் லைட் வெளிச்சம் விழுந்து அப்படித் தெரிந்திருக்கும், புரை எடுத்த கண், அந்தப் பெண்தான் இல்லாததைப் பெரிதாக நினைத்துப் பயப்படுகிறாள், இருநூறு மெகாபிக்ஸலுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிட்டது என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அனுப்பிவிட்டேன். நீ "சூப்பர்ப்பா" என்று பதில் போட்டாய். அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு உங்கள் இருவரையும் பேச விட்டோம். நீ ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்காததால், நான் உன்னிடம் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். காலை வெயிலில் பழைய ஃபோனில் அவளே எடுத்து உனக்கு அனுப்பியதுதான் மூன்றாவது படம். மறைக்க நினைத்தவள் அதை ஏன் அனுப்ப வேண்டும் என்று நீ ஒரு நிமிஷம் யோசித்திருந்தால், நான் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. ஆனால் ஒரே முகத்துக்கு மூன்று படம் வந்து இரண்டு ஒரு மாதிரியும் ஒன்று வேறு மாதிரியும் இருந்தால், யாருக்கும் சந்தேகம் மனிதர்கள் மேல்தான் போகும். ஃபோனின் மேல் போகாது. உன்னைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை.

உன் செய்தியைப் படித்த மறுநாள் காலை, முகம் கழுவிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்று என்னையே ஒரு படம் எடுத்தேன். என் இடது புருவத்துக்கு மேலே இருக்கும் தழும்பைத் தேடினேன். கண்ணாடியில் இருக்கிறது. படத்தில் இல்லை. அந்தத் தழும்பை உனக்குத் தெரியும். நீ இரண்டாம் வகுப்புப் படித்தபோது ஓடையில் பொறுக்கிய நத்தை போலச் சுருண்ட கல்லை ஓணானைப் பார்த்து வீசினாய், அது என் நெற்றியில் வந்து விழுந்தது. ஆஸ்பத்திரிக்கு சைக்கிளில் போகும்போது தையல் போட்டுக்கொள்ளப் போகிறவன் நான், அழுதது நீ. அதற்குப் பிறகு ரொம்ப நாள் தூங்குவதற்கு முன்னால் அந்த இடத்தை விரலால் தொட்டு, "இன்னும் வலிக்குதாப்பா?" என்று கேட்பாய்.

என் போன பிறந்தநாளுக்கு இதே ஃபோனில் எடுத்த படத்தை உனக்கு அனுப்பினேன் அல்லவா? "பத்து வயசு கொறஞ்சிட்டீங்கப்பா. ஃபோன்னா இதான் ஃபோன்" என்று எழுதினாய். அதை இப்போது திறந்து பார்த்தேன். அதிலும் தழும்பு இல்லை. விரலால் தொட்டுப் பழகிய உனக்கும் அது இல்லாதது தெரியவில்லை. தினமும் ஷேவிங் செய்யும்போது பார்க்கிற எனக்கும் தெரியவில்லை. இளமையாக இருக்கிறேன் என்று எனக்கும் சந்தோஷம். அம்மாவிடம் வேறு காட்டிப் பெருமைப்பட்டேன். அதை நினைத்தபோதுதான், தப்பு என் கண்ணில் இல்லை, ஃபோனில் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பஸ்ஸைப் பிடித்துப் பெரம்பலூருக்குப் போய், நாம் ஃபோன் வாங்கிய கடையில் கேட்டேன்.

கடைக்காரர் ஃபோனை வாங்கி ஒரு தட்டுத் தட்டினார். "பியூட்டி ஆன்ல இருக்கு சார், மூஞ்சிய அதுவே வழவழன்னு ஆக்கிடும். வரும்போதே அப்படித்தான் வரும்" என்றார்.

"நான் கேக்கவே இல்லைங்களே" என்றேன்.

"யாருமே கேக்கறதில்ல சார். ஆனா அது இல்லாம இருந்தா, மறுநாளே கொண்டாந்து வச்சுட்டு, கேமரா மட்டம்ங்கறாங்க. மூஞ்சி இருக்கற மாதிரியே வருதாம், அதுதான் கம்ப்ளைண்ட்." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "என் ஃபோன்லயே நான் அத ஆஃப் பண்ணலைங்க. வீட்டுல விட மாட்டாங்க."

அதை நிறுத்திக் கொடுத்தார். நித்யாவின் சித்தி எடுத்த படத்திலும் அவர்கள் ஃபோன் இதையேதான் செய்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து என் பழக்கப்படி சோதித்துப் பார்த்தேன். வெயிலில் எடுத்தால் தழும்பு அப்படியே வருகிறது, மிகத் துல்லியமாக வருகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமற்றவன் ஆவேன். ஹாலில் டியூப் லைட்டில் எடுத்தால் பாதி மங்குகிறது. வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் பொரிப்பொரியாக வருமாம். அந்தப் பொரியைத் துடைக்கப் போய், தோலில் இருப்பதையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. இருநூறு என்ற எண்ணைப் பற்றியும் படித்தேன். நாம் சாதாரணமாக எடுக்கும்போது ஃபோன் பல புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிடுகிறது. முழு எண்ணும் வேண்டுமென்றால் நாமே தேடிப் போய் மாற்ற வேண்டும். மாற்றினாலும் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அது சுருங்கிவிடுகிறது. பெட்டியின் அடியில், நிலாப் படம் மாதிரிக்காக மட்டும் என்று எறும்பளவு எழுத்தில் போட்டிருக்கிறது.

லேபில் இருந்தபோது சுண்ணாம்புக்கல் லாரிகள் வரும். மேலே அடுக்கியிருப்பது நல்ல வெள்ளைக் கல்லாக இருக்கும். அதை மட்டும் எடுத்துச் சோதித்தால் எல்லா லாரியும் முதல் தரம்தான். அது பொய்யான கல் இல்லை, அந்த லாரியில் வந்த கல்தான். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. அதனால் கொட்டச் சொல்லி, நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்து, கலந்து, அதிலிருந்துதான் சாம்பிள் எடுப்போம். விளம்பரத்தில் வருகிற படமும் லாரியின் மேல் கல்தான். நல்ல வெளிச்சம், அசையாத கை, தேர்ந்தெடுத்த முகம். அதே ஃபோன் செட்டிகுளத்தில் டியூப் லைட்டுக்குக் கீழே கை நடுங்கும் கிழவனிடம் வந்தால் என்ன செய்யும் என்று பெட்டியில் போட மாட்டார்கள். வேலைக்காலம் முழுவதும் மேல் கல்லை நம்பாத நான், இந்த ஒரு தடவை நம்பினேன்.

நேற்று உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்வரை அவளுக்கும் தெரியாது. "ஒங்கள அனுப்புனதுக்கு ஒரு பல்லிய அனுப்பியிருக்கலாம். அதாச்சும் சத்தம் குடுத்திருக்கும்" என்றாள். பிறகு, "அந்தப் புள்ள தானாவா சொல்லுச்சு? யாரும் கேக்காமயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். முட்டிக்குத் தைலம் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். "நம்ம வூட்டுக்கு வருதோ வரலையோ, அது பேரு கெடக்கூடாது. ஒங்க மச்சானுக்கு நான் சொல்லிக்கறேன். நீங்க ஒங்க புள்ளைக்குச் சொல்லுங்க" என்றாள். உன் மாமாவின் வாயை அவள் பார்த்துக்கொள்வாள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதனால் நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். நித்யாவிடம் அந்தச் சொல்லை நீ நேராகச் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். சொல்லியிருந்தால், அப்பா சொல்லாமல் விட்டது என்று எழுது. என் பெயரைத் தயங்காமல் சொல். கல்யாண விஷயத்தில் உன் மனதுக்குத் தோன்றுவதை வியாழக்கிழமைக்குள் தெரியப்படுத்து. முடியாது என்றால் அதையும் நேராகச் சொல், காரணம் தேடாதே. கொஞ்சமாவது தயக்கம் இருந்தால், லீவு கிடைக்கும்வரை பொறுக்கச் சொல்லி அவள் அப்பாவிடம் நான் கேட்கிறேன். நீயே வந்து, அந்த வீட்டு வெளிச்சத்தில், உன் கண்ணால் பார்.

எது எப்படியானாலும் வெள்ளிக்கிழமை காலை நான் செட்டிகுளம் போகிறேன். ஃபோனில் பதில் சொல்வது எளிது, ஆனால் நான் "பரவால்லம்மா" என்று சொன்னது அந்த ஹாலில். அங்கேயே போய், "நீ சொல்லச் சொன்னத நான் சொல்லலம்மா, தப்பு என் மேல" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். என்ன வார்த்தையில் தொடங்குவது என்று இப்போதே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போகும்வரை சொல்லிப் பார்ப்பேன், அங்கே போனதும் தடுமாறுவேன். பரவாயில்லை. உன் மாமாவைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

நான் பார்த்ததை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். இடது காதுக்குக் கீழே, ஒரு புளியங்கொட்டை அளவுக்கு, தோல் வெளுத்திருக்கிறது. கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதைவிட எனக்கு நன்றாக நினைவிருப்பது, அதை மறைக்க எல்லா வழியும் இருந்தும், முடியை ஒதுக்கிக்கொண்டு, ஒரு அந்நியக் கிழவனின் ஃபோனுக்கு முன்னால் அவள் அந்தப் பக்கத்தைத் திருப்பி நின்றது. அது எந்தப் படத்திலும் வரவில்லை. நான் சொன்னால்தான் உனக்குத் தெரியும். சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தைப் பக்கம் பக்கமாக அதே ஃபோனில் எடுத்துத்தான் உனக்கு அனுப்புகிறேன். எழுத்தை அது நன்றாகவே எடுக்கிறது, குறை சொல்ல முடியாது. முதலிரண்டு பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் காகிதம் பால் மாதிரி வெளுத்து வருகிறது. மூன்றாவது பக்கத்தில் உன் அம்மாவின் டம்ளர்க் கறை இருக்கிறது. உனக்கு வரும் படத்தில் அது இல்லாமல் போனால், நான் பொய் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

உன் அப்பா